சயனைடு மேட்டை பாய்லரில் கொட்டச் சொல்கிறவருக்கு

சூத்திரம் சரி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தக் கட்டுரையில் சரியாக இருப்பது அது ஒன்றுதான்.

கோலார் தங்க வயலில் பொன் பிரித்தபின் கொட்டிக் குவித்த சயனைடு மேடுகளைக் கரைக்க வழி கண்டுபிடித்துவிட்டதாக ஒரு பொறியாளர் எழுதிய நீண்ட கட்டுரை ராபர்ட்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃபிலும் கைமாறிக்கொண்டிருக்கிறது. பெங்களூரின் குப்பையை ரயிலில் ஏற்றி மாரிக்குப்பத்துக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே பாய்மப் படுகை பாய்லர் ஒன்றைக் கட்ட வேண்டும். படுகைக்கு மணல் வாங்காமல் மேட்டு மண்ணையே அள்ளிக் கொட்ட வேண்டும். அந்த மண் நைசானது. ஆகவே படுகைக்குள் முங்கிக் கிடக்கும் டியூப்களுக்கு வெப்பம் இரண்டு மடங்குக்கு மேல் பாயும், டியூப் செலவு பாதியாகும், மேடும் குறையும், மிச்சமிருக்கும் சயனைடும் எரிந்துபோகும், மின்சாரம் வரும், வேலை வரும். இதை எதிர்ப்பவர்கள் அறிவியல் தெரியாமல் உணர்ச்சிவசப்படுகிறவர்கள். கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

பாய்லர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் நான். இந்த ஊரின் லைன் வீட்டில் வளர்ந்தவன். இந்த யோசனை தவறு என்று மட்டும் சொல்லி நிறுத்த என்னால் முடியாது. பாடநூலின் ஒரு வரியைப் பிய்த்தெடுத்து, அதன் முன்னும் பின்னும் உள்ள வரிகளை மறைத்து, ஏற்கெனவே தூசியில் நுரையீரலை இழந்த ஓர் ஊரின் மேல் இன்னொரு தூசி மூட்டத்தை ஏவுகிற வேலை இது. எழுதியவர் பொறியாளர் என்பதால் குற்றம் கூடுகிறதே தவிர குறையவில்லை.

வெப்பம் டியூபுக்கு எப்படிப் போகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அவருடைய முழுக் கட்டடமும் அதன்மேல்தான் நிற்கிறது. அடியிலிருந்து காற்றை ஊதினால் ஒரு வேகத்துக்கு மேல் மணல் எடை இழந்ததுபோல் தளர்ந்து, உலையில் அரிசி புரள்வதுபோலப் புரளத் தொடங்கும். அதுதான் பாய்மப் படுகை. 1922ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் விங்க்லர் நிலக்கரியை வாயுவாக்க இதற்குக் காப்புரிமை எடுத்தார். சூடான காற்று மட்டும் ஒரு டியூபை உரசிப் போனால் சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சில பத்து வாட் வெப்பம்தான் கிடைக்கும். அதே டியூபைப் புரளும் மணலுக்குள் முக்கினால் பாய்லர் படுகைகளில் 250 முதல் 400 வாட் வரை கிடைக்கிறது. இந்த அளவைத்தான் வெப்பக் கடத்தல் எண் என்கிறோம். அதில் இந்த வித்தியாசத்தைத் தருவது மணல். 1955ல் மிக்லியும் ஃபேர்பேங்க்ஸும் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். இன்றும் அடிப்படை அதுதான். படுகையின் நடுவிலிருந்து சூடான மணல் ஒரு பொதியாக வந்து டியூபைத் தொடுகிறது, ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் தங்குகிறது, வெப்பத்தைக் கொடுத்துவிட்டு ஆறிப்போகிறது. அடுத்து வரும் காற்றுக் குமிழி அதைத் துடைத்துத் தள்ள, புதிதாகச் சூடான பொதி வந்து உட்காருகிறது. மணலும் உலோகமும் தொடும் இடத்தில் மெல்லிய காற்றிடைவெளி ஒன்று உண்டு. மணல் பொடியாக இருந்தால் அந்த இடைவெளி மெலிகிறது, வெப்பம் எளிதாகப் பாய்கிறது.

ஆகவே பொடி மணல் நல்லது என்பது உண்மை. மின்ஸ்க் நகரத்து சப்ரோட்ஸ்கியின் சூத்திரத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். மணலின் விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் அந்தச் சூத்திரப்படி வெப்பக் கடத்தல் எண் சுமார் இரண்டேகால் மடங்காகிறது. கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தச் சூத்திரம் தருவது உச்ச எண். காற்றின் வேகம் அந்த மணலுக்கு ஏற்ற வேகமாக இருக்கும்போது, மணல் படுகையை விட்டு ஓடாமல் குமிழியிட்டுப் புரளும்போது கிடைக்கக்கூடிய அதிகபட்சம் அது. ஏற்ற வேகம் எவ்வளவு என்று அவர் எழுதவில்லை. அதை எழுதியிருந்தால் கட்டுரையை அங்கேயே முடித்திருக்க வேண்டும்.

அவர் எழுதாத கணக்கை நான் போடுகிறேன். படுகையின் வெப்பநிலை 850 டிகிரி. பத்தில் ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள குவார்ட்ஸ் துகள் அந்தச் சூட்டுக் காற்றில் விநாடிக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் வேகத்தில் விழும். அதைவிட வேகமாகக் காற்று மேலே போனால் துகள் காற்றோடு போய்விடும். அதில் பாதி விட்டமுள்ள துகளுக்கு அந்த வேகம் விநாடிக்கு 8 சென்டிமீட்டர்தான். எரிப்புப் படுகையில் காற்று எந்த வேகத்தில் போகிறது? விநாடிக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர். மேட்டு மண்ணின் நைசான பகுதியை அதில் கொட்டினால் அது படுகையாக நிற்காது. டியூபைத் தொட்டுத் தங்குவதற்கு முன்பே புகையோடு கிளம்பிவிடும். இரண்டேகால் மடங்கு வெப்பம் தருவதாக அவர் சொல்லும் மணல், வெப்பம் தர வேண்டிய இடத்திலேயே இருக்காது.

அப்படியானால் காற்றைக் குறைத்தால் போயிற்று என்று சொல்லக்கூடும். காற்றைக் குறைத்தால் எரிப்பதும் குறையும். எந்த எரிபொருளாக இருந்தாலும் ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், சுமார் 3 மெகாஜூல். கொஞ்சம் உபரிக் காற்றும் விட வேண்டும் என்பதால் நடைமுறையில் இரண்டரைக்குச் சற்றுக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். 850 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 300 கிராம் சொச்சம். ஆக, விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டர் படுகையிலிருந்து முக்கால் மெகாவாட் வெப்பம் வரும். 10 மெகாவாட் மின்சாரத்துக்கு 40 மெகாவாட் வெப்பம் வேண்டும் என்று கொண்டால், இரண்டு மீட்டர் வேகத்தில் 27 சதுர மீட்டர் படுகை போதும். பொடி மணல் பறக்காமலிருக்கக் காற்றை விநாடிக்கு 10 சென்டிமீட்டராகக் குறைத்தால் 530 சதுர மீட்டர் வேண்டும். எங்கள் ஊர்க் கணக்கில் முப்பதுக்கு நாற்பது அடி சைட் ஏறத்தாழ ஐந்து. அவ்வளவு பெரிய தட்டுக்கு அடியில் எல்லா மூலையிலும் ஒரே சீராகக் காற்று ஊத வேண்டும். டியூப் செலவைப் பாதியாக்குகிறேன் என்று கிளம்பியவர் பாய்லரை இருபது மடங்கு பெரிதாக்கச் சொல்கிறார், அதைச் சொல்லாமலே சொல்கிறார்.

டியூப் செலவு பாதியாகும் என்பதும் பொய்க்கணக்கு. தண்ணீர் கொதிக்கும் டியூபில் உட்பக்கத் தடை சிறியது, அங்கே வெளிப்பக்கத்து எண் கூடினால் பலன் உண்டு. நீராவியை மேலும் சூடாக்கும் சூப்பர்ஹீட்டர் டியூபில் உள்ளே ஓடுவது நீராவி. அதன் தடை வெளிப்பக்கத் தடைக்குச் சளைத்ததல்ல. வெளியே இரட்டிப்பாக்கினாலும் மொத்தத்தில் அந்த இரட்டிப்பு வராது. வெப்பப் பரிமாற்றியைப் படிக்கிற மாணவனுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தருகிற பாடம் இது.

பொடி மணலுக்கு இன்னோர் எல்லையும் இருக்கிறது. 1973ல் கெல்டார்ட் துகள்களை நான்கு வகையாகப் பிரித்தார். மிக நைசான பொடி, அதாவது 20, 30 மைக்ரானுக்குக் கீழே உள்ளவை, காற்று ஊதினாலும் புரளாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகும். காற்று நடுவில் ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறும். பொதி வந்து, தங்கி, மாறினால்தானே டியூபுக்கு வெப்பம்? மாறாத இடத்தில் ஆறிப்போன பொடி டியூபுக்குப் போர்வையாகிவிடும். எங்கள் மேடுகளில் இருப்பதென்ன? சயனைடு கரைசல் பொன்னைத் தொட வேண்டுமென்றால் பாறையை மாவாக அரைத்தாக வேண்டும். அரைத்ததில் மணல் பகுதியும் உண்டு, சகதியாக இறங்கிக் காய்ந்த மாவுப் பகுதியும் உண்டு. மணல் பறக்கும், மாவில் ஒரு பங்கு பறக்கும், ஒரு பங்கு கட்டியாகும். இரண்டில் எது அவருடைய படுகை?

பரும்படியை மட்டும் சலித்து எடுப்போம் என்று பதில் வரலாம். அதோடு அவருடைய வாதமே முடிந்துபோகிறது, ஏனென்றால் பரும்படிக்கு அந்த இரண்டேகால் மடங்கு கிடையாது; கடையில் வாங்கும் மணல் எவ்வளவு வெப்பம் தருமோ அவ்வளவுதான் தரும். அதற்கு மேலும் ஒரு தீங்கு உண்டு. ஆற்று மணல் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. அரவையில் உடைந்த குவார்ட்ஸ் முனை கூரானது, எஃகைவிடக் கடினமானது. டியூபைச் சுற்றிக் குமிழி எழும்போதெல்லாம் அது டியூபின் அடிப்பக்கத்தை அறையும். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், சுரங்க ஊரான கிரைம்தார்ப்பில், மூன்று நாடுகள் சேர்ந்து 1980ல் இயக்கத் தொடங்கிய உயரழுத்தப் பாய்மப் படுகையில், முங்கிய டியூப்கள் தேய்ந்துபோனதே பெரிய தலைவலியாக இருந்தது. அந்தத் தேய்மானத்தைப் புரிந்துகொள்ளவே உலகம் ஒரு பத்தாண்டைச் செலவழித்தது. அவருடைய கட்டுரையில் தேய்மானம் என்ற பேச்சே இல்லை. டியூப் என்பது அவருக்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் பரப்பு, அவ்வளவுதான். வெப்பத்தைக் கொண்டுவருகிற அதே துகள்தான் அடியையும் கொண்டுவருகிறது.

சுழற்சிப் படுகை இருக்கிறதே என்று கேட்கக்கூடும். இருக்கிறது. அதில் காற்று விநாடிக்கு நான்கைந்து மீட்டர் வேகத்தில் மணலை அள்ளிக்கொண்டு போகும், சைக்ளோன் என்ற பிரிப்பான் அதைப் பிடித்துத் திருப்பி அனுப்பும். ஆனால் அதற்கும் 100 முதல் 300 மைக்ரான் வரையுள்ள துகள்தான் தோது. அதைவிட மிக நைசானது சைக்ளோனுக்கும் தப்பிப் பறக்கும் சாம்பலோடு சேரும். அந்த வகை பாய்லர் என்ன கேட்கும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டாம், நெய்வேலிக்குப் போனால் போதும். 1962லிருந்து லிக்னைட்டை எரித்துக் கரைகண்ட ஊர் அது. அங்கே இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்துக்கு, 250 மெகாவாட் அலகுகள் இரண்டுக்கு, திருச்சியில் பாய்லர் செய்து பழுத்த பெல் நிறுவனம் சுழற்சிப் படுகை பாய்லர்களைக் கட்டியது. சைக்ளோனில் பிடிபட்ட சூடான சாம்பலை ஒரு பக்க அறைக்குத் திருப்பி, அங்கே மெதுவாகக் குமிழியிடும் படுகையில் டியூப் கட்டுகளை முக்கி வெப்பம் எடுக்கிற அமைப்பு அது. கட்டுரையாளர் கனவு காண்கிற முங்கிய பரப்பு, நல்ல முறையில் செய்யப்பட்டால் எப்படியிருக்கும் என்பதற்கு இதுவே சான்று. 2004ல் அனுமதி கிடைத்த அந்தத் திட்டம் வணிக உற்பத்திக்கு வந்தது 2015ல். அந்தப் படுகை வெப்பப் பரிமாற்றிகளில் டியூப் பழுதும், உள்பூச்சுச் செங்கல் பழுதும், மாற்றியமைக்கும் வேலையும் வருடக்கணக்கில் இழுத்தன. தன் சுரங்கத்திலிருந்து வரும், தன்மை தெரிந்த ஒரே எரிபொருள், அனுபவமுள்ள ஆட்கள், பொதுத்துறையின் பணம், எல்லாம் இருந்த இடத்தில் இந்த நிலை. நெய்வேலியில் வேலை பார்த்தவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. கடைசியில் ஓட்டிக் காட்டினார்கள். தினமும் தன்மை மாறும் குப்பையையும், சலிக்காத சயனைடு மண்ணையும் கலந்து ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று எழுத, பாய்லர் வீட்டுக்குள் கால் வைக்காத துணிச்சல் வேண்டும்.

குப்பைக்கு வருகிறேன். அதில் உப்பு உண்டு, பிளாஸ்டிக்கிலிருந்து வரும் குளோரின் உண்டு, சமையலறைக் கழிவிலிருந்து பொட்டாசியமும் சோடியமும் உண்டு. பொட்டாசியம் குவார்ட்ஸோடு சேர்ந்தால் உருவாகும் கலவை 750 டிகிரி அருகிலேயே உருகத் தொடங்குகிறது. படுகை ஓடுவதோ 850ல். உருகிய பசை மணலோடு மணலை ஒட்டவைக்கும், படுகை கெட்டியாகும், குமிழி நிற்கும், பொதி மாறுவது நிற்கும். அவருடைய வெப்பக் கடத்தல் எண் அத்தோடு தரைக்கு வந்துவிடும். குளோரின் உப்புகள் சூடான டியூபின் மேல் படிந்து எஃகைத் தின்னும். அதனால்தான் குப்பை எரிக்கும் நிலையங்கள் நீராவியை 400 டிகிரி அளவிலேயே நிறுத்திக்கொள்கின்றன. குப்பை பாய்லரில் சூப்பர்ஹீட்டர் டியூபை எரியும் படுகைக்குள்ளேயே முக்கி வைப்பது அதைக் கொல்வதற்குச் சுருக்கமான வழி.

நம் நகரங்களின் குப்பை ஈரக் குப்பை. 1987ல் தில்லியின் திமார்பூரில் டென்மார்க்கின் உதவியோடு ஒரு நாளைக்கு 300 டன் குப்பை எரிக்கும் நிலையம் திறந்தார்கள். வந்த குப்பையில் எரியும் சத்து வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. 21 நாள் ஓட்டத்தோடு நின்றது. பெங்களூரு தன் குப்பையை மண்டூர் கிராமத்தின் தலையில் கொட்டியது; அந்த மக்கள் போராடி 2014ன் கடைசியில் அதை நிறுத்தினார்கள். அந்தக் குப்பை எங்கள் பள்ளங்களுக்கு வரும் என்ற பேச்சும் எங்களுக்குப் புதிதல்ல. பொன் இருந்தவரை தோண்டினார்கள், பொன் தீர்ந்ததும் குழியை நிரப்ப ஊர்க் குப்பையைத் தேடுகிறார்கள். அதற்கு இப்போது வெப்பவியல் முலாம் பூசியிருக்கிறார் கட்டுரையாளர்.

மேடு கரையும் என்ற வாக்குறுதியைப் பார்ப்போம். 13 மேடுகள், மூன்று கோடியே முப்பது லட்சம் டன், ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு. 2024ல் கர்நாடக அமைச்சரவை இவற்றில் மீண்டும் பொன் எடுக்க இசைவு தந்தபோது வெளிவந்த எண்கள் இவை. நான் மேலே சொன்ன 10 மெகாவாட் பாய்லரின் படுகையில் ஒரு நேரத்தில் இருக்கும் மணல் 30, 40 டன். தாராளமாக, தினமும் 50 டன் பழைய மணலைத் தள்ளிவிட்டுப் புதிது போடுகிறார்கள் என்றே கொள்வோம். மூன்று கோடியே முப்பது லட்சத்தை ஐம்பதால் வகுத்தால் ஆறு லட்சத்து அறுபதாயிரம் நாள். ஆயிரத்து எண்ணூறு வருடம். இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போட அவருக்கு நேரமில்லாமல் போனது எப்படி? சரி, அந்த 50 டன் எங்கே போகும்? மணல் எரிகிற பொருளல்ல. போன மணல் அத்தனையும் குப்பைச் சாம்பலோடும், அதிலுள்ள கன உலோகங்களோடும் சேர்ந்து வெளியே வரும். பழைய மேட்டிலிருந்து எடுத்ததை முன்னைவிட மோசமாக்கிப் பக்கத்தில் புதிய மேடாகக் கொட்டுவதற்குத்தான் இந்தத் திட்டம்.

சூட்டில் நச்சு எரிந்துபோகும் என்கிறார். சயனைடு வெயிலிலும் காற்றிலும் தானாகவே சிதையக்கூடியது. 2001ல் சுரங்கம் மூடி இவ்வளவு காலத்துக்குப் பிறகு எங்களை முதலில் வதைப்பது அது அல்ல. வதைப்பது சிலிக்கா. 850 டிகிரியில் குவார்ட்ஸ் எரியாது, உருகாது, தன் படிகத் தன்மையை விட்டுக்கொடுக்காது. 573 டிகிரியில் அதன் படிக அமைப்பு சட்டென்று மாறி விரிவடையும். ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த அதிர்ச்சியில் துகள்கள் விரிசல் விட்டு உடையும். பாய்லருக்குள் போனதைவிட நைசான பொடி வெளியே வரும், நுரையீரலின் கடைசி அறைவரை போகக்கூடிய பொடி. எங்கள் தாதுவில் கந்தகச் சேர்மங்களும் இருந்தன, மேற்குப் பட்டைகளில் ஆர்சனோபைரைட்டும் இருந்தது. அதைச் சூடாக்கினால் கந்தகம் வாயுவாகும், ஆர்சனிக் ஆவியாகும். மண்ணில் கட்டுண்டு கிடப்பதை மூச்சில் கலக்கும் முறைக்கு நச்சை அழிப்பது என்று பெயர் வைப்பது அப்பட்டமான ஏமாற்று.

1947ல் இந்தியாவில் சிலிகோசிஸ் பற்றிய முதல் பெரிய ஆய்வு வெளிவந்ததே இந்த ஊரிலிருந்துதான். பரிசோதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, லைன்களில் எட்டடி அறையில் குடும்பம் நடத்தி, கிணறு இறங்கி, இருமி இருமிச் செத்த தலைமுறை அது. அவர்கள் வெட்டி எடுத்த பாறையின் மாவுதான் இந்த மேடுகள். காற்றடிக்கும் மாதங்களில் அது இன்றும் பேரப்பிள்ளைகளின் வீட்டுக்குள் வெள்ளையாக வந்து படிகிறது. அதை அள்ளி, காயவைத்து, சலித்து, பாய்லரில் ஊதி, புகைபோக்கி வழியாக அனுப்பலாம் என்று எழுதுகிறவர் நுரையீரல் என்ற சொல்லைத் தன் கட்டுரையில் ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை.

அறிவியல் தெரியாத ஊர் என்ற பழியையும் விடமாட்டேன். 1902ல் சிவசமுத்திரத்து மின்சாரம் 90 மைலுக்கு மேல் கம்பியில் ஓடி வந்து சேர்ந்தது இங்கே. 1965ல் காற்றுமண்டல நியூட்ரினோவை உலகம் முதலில் கண்ட இடங்களில் ஒன்று இந்தச் சுரங்கத்தின் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழான ஆழம். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், பிரிட்டன் ஆய்வாளர்களும் அங்கே கருவிகளை வைத்தபோது, அவற்றை இறக்கியதும் தூக்கியதும் எங்கள் ஆட்கள். வெப்பம் பரப்பிலிருந்து எப்படிப் பாயும் என்பதை இந்த ஊர் உடம்பால் கற்றது. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையின் சூடு 65 டிகிரிக்கு மேல். மேலிருந்து அனுப்பும் காற்று கீழே இறங்கும்போது தன் எடையிலேயே அழுந்தி, உலர்ந்த காற்றானால் நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தானே சூடாகும். அதற்கு மேல் பாறைச் சுவர் வெப்பம் கொடுக்கும், கசியும் தண்ணீர் ஈரத்தைக் கொடுக்கும். ஆகவேதான் 1930களிலேயே சுரங்கக் காற்றைக் குளிர்விக்க இயந்திரம் வைத்த உலகின் முதல் சில இடங்களில் கோலாரும் ஒன்றானது. பாறைப் பரப்பு, காற்று, ஈரம், வேகம் என்று தினமும் அளந்து எழுதிய காற்றோட்டப் பிரிவுக்காரர்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். ஓர் எண் மட்டும் தனியே நின்று ஒன்றையும் தீர்மானிக்காது என்பது அவர்களுக்குத் தெரியும். இந்தக் கட்டுரையாளருக்கு அது தெரியவில்லை, அல்லது தெரிந்தே மறைத்தார். இரண்டில் எதுவானாலும் அவர் எங்களுக்கு அறிவியல் போதிக்கத் தகுதியற்றவர்.

மேடுகளை அப்படியே விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. தொடத்தான் வேண்டுமென்றால் நனைத்துத் தொட வேண்டும். தென் ஆப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள பொன் மேடுகளை 1970களின் இறுதியிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து, குழம்பாகவே குழாயில் அனுப்பி, மீண்டும் பொன் எடுத்து, மிச்சத்தைத் தொலைவில் தேக்கி வைக்கிறார்கள். அங்கும் தூசித் தொல்லை முற்றிலும் தீரவில்லை; இருந்தும் காய்ந்த பொடியை ஊதிப் பறக்கவிடும் யோசனையை எவரும் முன்வைக்கவில்லை. எங்கள் பக்கம் தண்ணீர் அரிது என்பது உண்மையான சிக்கல். அதைப் பற்றிப் பேசட்டும், வாதாடுவோம். தொடாத மேடுகளின் சரிவில் புல்லும் செடியும் பிடிக்கவைப்பது, காற்றுவாக்கில் உள்ள லைன்களில் தூசியை அளந்து அந்த எண்களை ஊருக்குச் சொல்வது, முன்னாள் தொழிலாளர்களின் மார்பை எக்ஸ்ரே எடுப்பது ஆகியவற்றுக்கு எந்தப் பாய்லரும் தேவையில்லை.

கடைசியாக வேலை. 2001ல் ஒரே உத்தரவில் வேலையிழந்த ஊரில் இந்த ஒரு சொல் எவ்வளவு வலிமையானது என்று கட்டுரையாளருக்குத் தெரியும், அதனால்தான் அதை இறுதிப் பத்தியில் வைத்தார். பாய்லர் கட்டுப்பாட்டறையில் சில பேர் உட்காருவார்கள், அவர்கள் வெளியூரிலிருந்து வருவார்கள். எங்கள் பையன்களுக்குக் கிடைப்பது மேட்டில் மண் வெட்டுவது, சல்லடை தட்டுவது, சாம்பல் அள்ளுவது. ஒப்பந்த வேலை, தினக்கூலி, முகத்தில் ஒரு கைக்குட்டை. சிலிகோசிஸ் தெரிய வருவதற்குப் பல வருடமாகும்; அதற்குள் ஒப்பந்தக்காரர் பெயரை மாற்றிக்கொண்டு போயிருப்பார், இழப்பீடு கேட்க ஆளிருக்காது. இதையும் வேலை என்று எழுதுகிறவர் மறுபடி எழுதுவதானால் இவற்றைத் தரட்டும்: மேட்டு மண்ணின் சல்லடைக் கணக்கு, படுகையில் காற்றின் வேகம், சைக்ளோனுக்குத் தப்பும் பொடி நாளைக்கு எத்தனை டன், அது விழும் தெருக்களின் பெயர், சாம்பலைக் கொட்டும் இடத்தின் சர்வே எண், சல்லடை தட்டுகிறவனின் மருத்துவச் செலவை இருபது வருடம் கழித்து யார் கொடுப்பது என்பதற்குக் கையெழுத்து. வெப்பக் கடத்தல் எண்ணை அவர் மறுபடி எழுத வேண்டியதில்லை. அது எங்களுக்கு முன்பே தெரியும்.